ஊர்ல கட்டட வேலை கூடினா ஊர் நல்லாயிருக்கெண்டு அர்த்தமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கல்லாறு பக்கம் ஒரு ஹார்ட்வெயார் கடையில கனகாலமா கணக்குப் பாக்கிறன். சீமெந்து, கம்பி, தகரம், பெயின்ட் எண்டு யார் எவ்வளவு எடுக்கிறாங்க, யார் கையோட காசு குடுக்கிறாங்க, யார் கொப்பியில எழுதச் சொல்லுறாங்க எண்டதெல்லாம் தினமும் கண்ணுக்கு முன்னால நடக்குது. அதால கடைக்கு வாற ஆக்களும் சொந்தக்காரரும் நாட்டு நிலமை எப்பிடியெண்டு என்னட்டத்தான் கேப்பாங்க. கேட்டதுகளையும் எனக்குத் தெரிஞ்ச பதிலையும் கீழ எழுதியிருக்கன்.

கேள்வி: தெருவுக்குத் தெரு வீடு எழும்புது, ரெண்டு தட்டு மூண்டு தட்டெல்லாம் போடுறாங்க. அப்ப ஊர் முன்னேறுது எண்டுதானே?

காசு வந்திருக்கு எண்டது உறுதி, காசில்லாம ஒரு கல்லும் மேல ஏறாது. ஆனா அந்தக் காசு எங்கயிருந்து வந்தது எண்டத நாமதான் விசாரிக்கணும். வெள்ளாமையில வந்ததா, கட்டார்ல தம்பி உழைச்சு அனுப்பினதா, வங்கி லோனா, நகையை அடகு வச்சதா, வீட்டுத்திட்டத்துல கிடைச்சதா, எதுல வந்தாலும் சுவர் ஒரே மாதிரித்தான் நிக்கும், ஆனா அடுத்த வருசம் அந்த வீட்டுக்காரர்ட நிலமை ஒரே மாதிரி இருக்காது. இதத்தான் நான் எல்லாரிட்டயும் திரும்பத் திரும்பச் சொல்லுறன், கட்டடத்தப் பாத்து சந்தோசப்படுறதுக்கு முந்தி ரெண்டு விசயம் கேளுங்க, கட்டின காசு யார்ட காசு, கட்டி முடிஞ்ச பிறகு அதுக்குள்ள இருந்து என்ன வருமானம் வரும். ரெண்டுக்கும் நல்ல பதில் இருந்தா ஊர் நல்லாயிருக்கு.

கேள்வி: அப்பிடியெண்டா பெரிய பெரிய ஆக்களெல்லாம் ஏன் கட்டட வேலையை ஒரு அறிகுறியாப் பாக்கிறாங்க?

காரணம் இருக்கு. வீடு கட்டுறது ஒரு நாள் செலவில்ல, நாள் வச்சு அத்திவாரம் வெட்டத் தொடங்கினா குடிபுகுற வரைக்கும் மாசக்கணக்கா, சில ஆக்களுக்கு வருசக்கணக்கா காசு போய்க்கொண்டே இருக்கும். அதால வாற வருசமும் உழைப்பு இருக்கும் எண்டு நம்பிக்கை உள்ள ஆள்தான் தொடங்குவான். அமெரிக்காவுல புது வீட்டுக்கு எத்தின அனுமதி குடுத்திருக்கு எண்டத எண்ணி, பொருளாதாரம் இனி எப்பிடிப் போகும் எண்டு முன்கூட்டிச் சொல்லுற குறிகாட்டிகள்ல ஒண்டா சேத்திருக்காங்க. நம்மட மத்திய வங்கியும் மாசாமாசம் நிர்மாணத்துறைக்கு ஒரு சுட்டெண் வெளியிடுது, கட்டட வேலை செய்யிற கொம்பனிகளிட்ட விசாரிச்சு எடுக்கிறது, 50க்கு மேல போனா போன மாசத்த விட வேலை கூடியிருக்கு, கீழ போனா குறைஞ்சிருக்கு.

இன்னொண்டு, கட்டட வேலையில போற காசு ஊருக்குள்ளயே சுத்தும். மேசன், கையாள், ஓடாவி, கம்பி கட்டுறவன், வயரிங் பொடியன், மணல் ஏத்துற உழவு மெசின்காரன், கல்லுவாடிக்காரன், பத்து மணித் தேத்தண்ணிக்கு வடை குடுக்கிற அக்கா, எல்லார்ட கையிலயும் போகும். ஒரு வீட்டு வேலை நிண்டா எங்கட கடைக்கு முன்னால இருக்கிற சாப்பாட்டுக் கடையில சோத்துப் பார்சல் குறையும், அது ரெண்டு மூண்டு நாளைக்குள்ளயே தெரியும்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு எவ்வளவு கட்டினாங்க, அப்ப நாம நல்லா இருந்தமா?

இந்தக் கேள்வியக் கேட்டதுக்கு நன்றி, ஏனெண்டா நம்மட கரையோரத்துல பெரிய கட்டட அலையெண்டா அதுதான். 2004 மார்கழி 26க்குப் பிறகு கல்லாறு, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, திருக்கோவில் எண்டு எல்லாப் பக்கமும் கட்டினாங்க. முழுசா உடைஞ்ச வீட்டுக்கு 2,50,000 ரூபா, பாதி உடைஞ்சதுக்கு 1,00,000 ரூபா எண்டு அரசாங்கம் கட்டம் கட்டமாக் குடுத்திச்சு. வடக்கு கிழக்குல கடற்கரையில இருந்து 200 மீற்றருக்குள்ள கட்டக்கூடாதெண்டு முதல்ல சொன்னதால உள்ளுக்க காணி தேடி ஆக்கள் அலைஞ்சாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல கட்டினதால மேசனுக்குக் கிராக்கி, மணல் விலை, கல்லு விலை, கூலி எல்லாம் மேல போச்சு, குடுத்த காசு வீட்டை முடிக்கப் போதாம கையில இருந்த மிச்ச நகையையும் வித்தவங்க இருக்காங்க.

அந்த நேரம் கணக்குல பாத்தா கட்டட வேலை நல்லா வளந்த மாதிரித்தான் இருக்கும். ஆனா அது இழந்தத திரும்ப எடுக்கிற வேலை. உடைஞ்சு போன வீட்டை யாரும் கழிச்சுக் காட்டுறதில்ல, புதுசா எழும்புறத மட்டும் கூட்டிக் காட்டுவாங்க. 78 சூறாவளிக்குப் பிறகும் இதே கதைதான் எண்டு எங்கட அப்பா ஆக்கள் சொல்லுவாங்க, மட்டக்களப்புல கூரை இருந்த வீட்டை எண்ணிடலாம் எண்ட நிலமையாம். அழிவுக்குப் பிறகு வாற கட்டட வேலையை வளர்ச்சியெண்டு எடுத்தா கணக்குப் பிழைச்சிடும். வேலை கிடைச்சது உண்மை, பொடியன்மார் மேசன் தொழில் பழகினது உண்மை, அது நமக்கு மிஞ்சின நல்லது, அதையும் சொல்லத்தான் வேணும்.

கட்டியும் பிரயோசனப்படாததுக்கும் உதாரணம் இருக்கு. அக்கரைப்பற்றுப் பக்கம் நுரைச்சோலையில சவூதி உதவியில சுனாமி ஆக்களுக்கெண்டு 500 வீடு கட்டி எழுப்பினாங்க, யாருக்குக் குடுக்கிறது எண்ட பிரச்சினை கோட்டு வரைக்கும் போய் பத்து வருசத்துக்கு மேல ஆளில்லாமக் கிடந்திச்சு. காடு வளந்து கதவும் யன்னலும் போச்சு. கட்டும்போது அதுவும் அந்த வருசத்து வளர்ச்சிக் கணக்குல ஏறித்தான் இருக்கும்.

கேள்வி: நம்மட ஆக்கள் கஷ்டத்துலயும் வீடு கட்டுறாங்களே, அது எப்பிடி?

இது வெளியூர்க்காரருக்கு விளங்காத விசயம். மட்டக்களப்புலயும் அம்பாறைக் கரையோரத்துலயும் தமிழ் ஆக்கள் எண்டாலும் முஸ்லிம் ஆக்கள் எண்டாலும் பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுத்துத்தான் கலியாணம் செய்யிறம், மாப்பிள பொம்புள வீட்டுக்குத்தான் வாறார். மூண்டு பொம்புளப் புள்ள இருந்தா மூண்டு வீடு. பொருளாதாரம் வளந்தாலும் விழுந்தாலும் புள்ளைக்கு வயசு வந்திட்டா அத்திவாரம் வெட்டியே ஆகணும். வாப்பாமாரும் அப்பாமாரும் உம்மாமாரும் அம்மாமாரும் வெளிநாடு போறதுக்கும் கடன் எடுக்கிறதுக்கும் பெரிய காரணம் இதுதான். காத்தான்குடி, சாய்ந்தமருது மாதிரி காணி நெருக்கமான ஊர்கள்ல இடம் இல்லாம மூத்தவளுக்குக் கீழ்த்தட்டு, இளையவளுக்கு மேல்தட்டு எண்டு ஒரு காணிக்குள்ளயே மேல மேல ஏத்துறாங்க, ரோட்டால போறவருக்கு அது வசதி மாதிரித் தெரியும், உள்ளுக்க போய்ப் பாத்தா மேல்தட்டுக்குப் பூச்சும் இல்ல, நிலமும் போடல்ல.

அதால நம்மட ஊர்ல வீட்டு எண்ணிக்கையை மட்டும் வச்சு நிலமை சொல்ல ஏலாது. கொழும்புல ஒரு ஆள் பிளாட் வாங்குறது முதலீடு, இஞ்ச ஒரு தகப்பன் வீடு கட்டுறது கடமை. எனக்கு இதச் சொல்லும்போது மனசு கனக்கும், ஏனெண்டா தொழிலுக்குப் போட்டிருக்க வேண்டிய காசெல்லாம் சீமெந்தாப் போகுது, வீடு குடுத்த பிறகு தாய் தகப்பன் பின்னால ஒரு கொட்டில்ல இருக்கிறத நான் கனக்கப் பாத்திருக்கன்.

கேள்வி: வெளிநாட்டுக் காசுல கட்டுறது நல்லதா கெட்டதா?

கட்டுற குடும்பத்துக்கு நல்லது, கடனை விட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனா அது நம்மட ஊர்ட ஆரோக்கியத்தக் காட்டுதா எண்டு கேட்டா, ரியாதிலயும் டோகாவிலயும் வேலை இருக்கா எண்டதத்தான் முதல்ல காட்டும். 2022ல நாட்டுக்கு வெளிநாட்டுல இருந்து ஆக்கள் அனுப்பின காசு 3.8 பில்லியன் டொலர் அளவுக்கு விழுந்திச்சு, 2024ல 6.5 பில்லியனத் தாண்டிச்சு. 2022ல மட்டும் 3 லட்சத்துக்கு மேல ஆக்கள் வேலைக்கு வெளிநாடு போனாங்க. இப்ப எழும்புற வீடுகள்ல ஒரு பங்கு அந்த வருசம் போன ஆக்கள்ட உழைப்புத்தான். ஊர்ல உழைப்பில்லாமப் போனவங்க அனுப்புற காசுல ஊர்ல வீடு எழும்புது, இதுக்கு என்ன பேர் வைக்கிறது எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

கேள்வி: 2022ல கடைக்குள்ள எப்பிடி இருந்திச்சு?

2021 நடுப்பகுதியில 50 கிலோ சீமெந்து பக்கெட் ஒண்டு 1,000 ரூபாய்க்குக் கிட்டத்தான். 2022 செப்ரெம்பர் ஆகக்குள்ள 3,000 ரூபாயத் தாண்டிச்சு. டொலர் 200ல இருந்து 360க்குப் போச்சு, சித்திரை மாசம் மத்திய வங்கி ஒரே தடவையில வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏத்திச்சு, வங்கியில லோன் வட்டி பிறகு 25 சதவீதத்துக்கும் மேல. அந்த வட்டிக்கு யார் வீடு கட்டுவான்?

கடையில நான் கண்டது இதுதான். முந்தி இருபது, முப்பது பக்கெட் ஏத்தின ஆக்கள் வந்து ரெண்டு பக்கெட் கேட்டாங்க. கக்கூஸ் பூச்சுக்கெண்டு ரெண்டு வீட்டுக்காரர் சேந்து ஒரு பக்கெட் எடுத்து, வாளியோட வந்து கடை வாசல்லயே பங்கு போட்டுக்கொண்டு போனாங்க. கம்பி லொறி வந்தும் இறக்காமத் திரும்பிப் போச்சு, ஏனெண்டா நாளைக்கு என்ன விலையெண்டு யாருக்கும் தெரியாது. அந்த வருசம் நாட்டுப் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல சுருங்கிச்சு எண்டு பிறகு பேப்பர்ல போட்டாங்க, எங்களுக்கு அது மாசி மாசமே கொப்பியில தெரிஞ்சிச்சு. கட்டடத்துறை முதல்ல விழுந்து கடைசியா எழும்பும் எண்டு சொல்லுவாங்க, எங்கட பக்கம் சின்ன வீட்டுக்காரர்ட விசயத்துல நான் கண்டதும் அப்பிடித்தான். 2024ல நாடு 5 சதவீதம் வளந்தது எண்டாங்க, மட்டக்களப்புல சின்ன வீட்டுக்காரர் திரும்ப வரத் தொடங்க அதுக்கும் பிறகு காலம் எடுத்திச்சு.

கேள்வி: பாதியில நிக்கிற வீடுகளப் பத்திச் சொல்லுங்க, அண்ணே.

இதுதான் என்னப் பொறுத்த வரைக்கும் எல்லாத்தையும் விட நல்ல அளவுகோல், தம்பி. புதுசா எத்தின தொடங்கினாங்க எண்டத விட எத்தின நிண்டு போச்சு எண்டதப் பாருங்க. 2019க்கு முந்தித் தொடங்கின அரச வீட்டுத்திட்டத்துல முதல் கட்டக் காசு வந்திச்சு, அத்திவாரம் போட்டாங்க, சுவர் எழுப்பினாங்க, ஆட்சி மாறினதோட மிச்சக் காசு நிண்டிச்சு. வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரைப் பக்கம் போனா இப்பவும் காணலாம், கதவு யன்னலுக்கு மேல வாற லிண்டல் மட்டத்தோட நிக்கிற சுவர், பக்கத்துல அதே தகரக் கொட்டில். அதுக்குள்ள சில ஆக்கள் மிச்சத்த நுண்கடன் எடுத்துக் கட்டப் போய் வாரக் கட்டணம் கட்டேலாம ஒளிச்சுத் திரிஞ்சாங்க. முந்தி இந்திய வீட்டுத்திட்டத்துல 5,50,000 ரூபா கட்டம் கட்டமாக் குடுத்தாங்க, அதுல காசு ஒழுங்கா வந்ததால அனேகமா வீடு முடிஞ்சிச்சு, ஆனா பெரிசாக் கட்ட ஆசப்பட்டவங்க அதுலயும் கடன்பட்டாங்க.

நிண்டு போன வீட்டுலயும் வித்தியாசம் இருக்கு. தூணுக்கு மேல நீட்டிக்கொண்டு நிக்கிற கம்பியப் பாருங்க. சீமெந்துப் பால் பூசி, பொலித்தீன் சுத்தி, கட்டுக்கம்பியால இறுக்கி வச்சிருந்தா வீட்டுக்காரர் திரும்பத் தொடங்குவன் எண்ட நம்பிக்கையோட இருக்கார், எங்கயோ இருந்து காசு வரப்போகுது. கம்பி சும்மா நிண்டு செங்கறல் பிடிச்சு உதிருது, சுவருக்குள்ள ஆமணக்கு முளைச்சிருக்கு எண்டா அந்தக் குடும்பம் கைவிட்டிட்டு. நம்மட உப்புக் காத்துக்கு ரெண்டு மழை போதும், கம்பி போயிடும். பிரதேச செயலகத்துல எந்த அறிக்கையிலயும் இது வராது, சைக்கிள்ல ஒரு சுத்து சுத்தினா தெரியும்.

கேள்வி: பாலம், துறைமுகம், ஹோட்டல் மாதிரிப் பெரிய வேலைகள்?

ஒண்டுக்கொண்டு வித்தியாசம். 2014ல திறந்த மண்முனைப் பாலத்த எடுங்க, அதுக்கு முந்தி பாதையில, அதாவது ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவையில ஏறித்தான் ஆத்தக் கடக்கணும், மோட்டார் சைக்கிள், நெல்லு மூட்டை, பள்ளிக்கூடப் புள்ளை எல்லாம் அதுக்குள்ள. பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மரக்கறி, பால், நெல்லு எல்லாம் நேர வெளிய வருது, ஆஸ்பத்திரிக்கு ஆள் நேரத்துக்குப் போகுது. ஜப்பான் காசுல வந்தது, ஆனா ஒவ்வொரு நாளும் நமக்கு உழைச்சுத் தருது. 2013ல திறந்த கல்லடிப் புதுப் பாலமும் அப்பிடித்தான், பழைய இரும்புப் பாலத்துல ஒரு பக்கம் வாகனம் வர மற்றப் பக்கம் காத்துக்கிடந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஒலுவில் துறைமுகமும் 2013லதான் திறந்தது. டென்மார்க் கடன், பெரிய விழா. சரக்குக் கப்பல் வந்து போற துறைமுகமா அது நடக்கல்ல, வாயில மண் மூடி மீன்பிடிப் போட் வெளிய போகேலாமக் கிடந்திச்சு, பக்கத்துல ஒலுவில், நிந்தவூர் கரையக் கடல் அரிச்சுத் தென்னந்தோட்டமும் காணியும் போச்சு. கட்டும்போது ரெண்டும் ஒரே மாதிரித்தான், டிப்பர் ஓடும், கூலி கிடைக்கும், கடைக்கு யாவாரம் வரும். திறந்த பிறகுதான் எது வாழ்வு, எது சுமை எண்டு தெரியுது.

பாசிக்குடா ஹோட்டல்கள் யுத்தம் முடிஞ்ச பிறகு வந்தது. கல்குடா, வாழைச்சேனைப் பொடியன்மாருக்குக் கட்டும்போதும் வேலை, பிறகும் கொஞ்சம் வேலை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022 எண்டு அடுத்தடுத்து அடி. அங்க கட்டடத்தப் பாக்காதீங்க, ராவைக்கு எத்தின அறையில லைட் எரியுது எண்டு பாருங்க.

கேள்வி: கடைத்தொகுதி கட்டினா வாடகை வரும்தானே?

ஆள் வந்தாத்தான். கல்முனையிலயும் மட்டக்களப்பு டவுன்லயும் கீழ்த்தட்டு நிறைஞ்சு மேல்தட்டு ஷட்டர் பூட்டினபடி நிக்கிற கட்டடங்கள் கிடக்கு. மேல்தட்டுக்கு டியூசனும் கிளினிக்கும் வரத் தொடங்கினா நல்ல சகுனம்.

கேள்வி: கார்த்திகை மாசம் வேலையே இல்ல, நிலமை மோசமா?

இல்ல, மழை. நம்மட பக்கம் ஐப்பசியில தொடங்கி தை வரைக்கும் அத்திவாரக் கிடங்குக்குள்ள தண்ணி, மணல் ஏத்துற ஆத்துலயும் வெள்ளம். மாரி வெள்ளாமை வெட்டி மாசி பங்குனியில நெல்லுக் காசு கைக்கு வந்தாத்தான் வேலை சூடு பிடிக்கும், அது ஆவணி புரட்டாதி வரைக்கும் ஓடும். அதால பங்குனிய மார்கழியோட ஒப்பிடாதீங்க, போன வருசப் பங்குனியோட ஒப்பிடுங்க. பங்குனியிலயும் மேசன்மார் சந்தியில தேத்தண்ணிக் கடைக்கு முன்னால நிண்டு கதைச்சுக்கொண்டிருந்தா, அப்பதான் யோசிக்கணும்.

கேள்வி: மேசன் கூலி கூடியிருக்கு, அப்ப வேலை கூடியிருக்கு எண்டுதானே அர்த்தம்?

கூலி மட்டும் போதாது. நல்ல மேசன்மார் கனபேர் கல்ப் நாடுகளுக்குப் போயிட்டாங்க, ஆள் தட்டுப்பாட்டுலயும் கூலி கூடும். ஒரு நாள் கூலிக்கு எத்தின கிலோ அரிசியும் எத்தின கிலோ மீனும் வாங்கலாம் எண்டு அந்த வீட்டுப் பொம்புளயிட்டக் கேளுங்க, அவவுக்குத்தான் சரியாத் தெரியும்.

கேள்வி: மணல் டிப்பர் கனக்க ஓடுது, அதையும் வளர்ச்சியெண்டு எடுக்கலாமா?

டிப்பர் எங்க போகுது எண்டதப் பொறுத்தது. நம்மட ஆத்து மணல் வெளி மாவட்டங்களுக்கும் போகுது, அங்க கட்டடம் எழும்ப இஞ்ச ஆத்தங்கரை இடிஞ்சு வயலுக்குள்ள தண்ணி வருது. இதுல நம்மட பங்கு கூலியும் உடைஞ்ச ரோட்டும்தான். எனக்கு இதுல கடும் கோபம், அனுமதிப்பத்திரத்துல உள்ள கியூப் (மணல் அளவு) ஒண்டு, அள்ளுற கியூப் இன்னொண்டு எண்டது ஊருக்கே தெரியும்.

கேள்வி: சரியான எண்ணிக்கையை எங்க எடுக்கலாம்?

பிரதேச சபை, நகர சபை, மாநகர சபையில கட்டட அனுமதிக்கு வந்த விண்ணப்பம் எத்தின, முடிஞ்ச பிறகு குடுக்கிற இணக்கச் சான்றிதழ் எத்தின எண்டு ரெண்டையும் கேளுங்க. ரெண்டுக்கும் இடைவெளி பெருசா இருந்தா விளங்கிக்கொள்ளுங்க, தொடங்கினது முடியல்ல, இல்லாட்டி முடிஞ்சும் பதியல்ல. 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேக்கலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும். ஆனா கிராமப்பக்கம் கனபேர் அனுமதி எடுக்காமலே கட்டுறாங்க, அதையும் மனசுல வச்சுக்கொள்ளுங்க. பக்கத்து ஹார்ட்வெயார் முதலாளியிட்ட கைக்காசுக்கு எவ்வளவு போகுது, கடனுக்கு எவ்வளவு போகுது எண்டு கேட்டாலும் பாதி விளங்கும். கடன் கொப்பி தடிச்சுக்கொண்டு போனா, எவ்வளவு வித்தாலும் அது நல்ல யாவாரமில்ல.

கேள்வி: இதெல்லாம் இருக்கட்டும், நான் இப்ப வீட்டைத் தொடங்கலாமா?

கையில இருக்கிற காசுக்குக் கூரை வரைக்கும் போகுமா எண்டு ஒரு தெரிஞ்ச மேசனோட இருந்து கணக்குப் போடுங்க, விலை கூடும் எண்டு ஒரு பங்க ஒதுக்கிட்டுப் போடுங்க. போகாதெண்டா முழு வீட்டுக்கும் அத்திவாரம் வெட்டாம ஒரு அறை, ஒரு குசினி, கக்கூஸ் எண்டு சின்னதா முடிச்சுக் குடிபோங்க, பிறகு நீட்டலாம். நகையை அடகு வச்சு சுவரை எழுப்பிட்டுக் கூரைக்குக் காசு தேடுற வேலை வேண்டாம். ஆவணிக்குப் பிறகு தொடங்குறதெண்டா அத்திவாரத்தோட நிப்பாட்டி, உள்ளுக்கு மண் நிரப்பி விடுங்க, மாரி மழைக்கு மண் நல்லா இறுகும், மாசியில கல்லு ஏத்துங்க. சீமெந்தை முன்கூட்டி வாங்கி அடுக்கி வைக்காதீங்க, நம்மட ஈரக் காத்துக்கு மூண்டு மாசத்துல கட்டி பிடிச்சிடும்.